ஆசிரியர் உரை: வரி குறைந்தது, வரையறை எங்கே?

சேகரிப்புக்கான பணத்தாள்களின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியுள்ளது. பழைய நாணயங்களுக்கு முன்பே 5 சதவீதம்தான். உலோகத்துக்கு ஒரு வரி, காகிதத்துக்கு ஒரு வரி என்ற பாகுபாடு ஒழிந்தது நல்லதே. ஆனால் விற்பனை சூடுபிடித்தால் வேற்று மண்ணின் நோட்டை உள்ளூர் நோட்டு எனப் பெயர் மாற்றி விற்பதும் கூடும். புதுச்சேரியில் அதற்கு எளிதில் இடம் கொடுப்பவை சுதந்திர பிரான்சின் போர்க்கால நோட்டுகள்.

லண்டனில் இருந்து இயங்கிய டி கோல் தரப்பு, 1941 டிசம்பர் 2 ஆணைப்படி 'கேஸ் சாந்த்ரால் த லா பிரான்ஸ் லீப்ர்' என்ற அமைப்பை நிறுவி, பிரிட்டனில் பிராங்கு நோட்டுகளை அச்சிட்டது. பீனிக்ஸ் பறவை எழும் 1000 பிராங்கு நோட்டு பிரெஞ்சு பூமத்திய ஆப்பிரிக்கா, ரெயூனியோன், சென் பியேர் மிக்லோன் ஆகியவற்றில் ஒரே வடிவில் புழங்கியது. எது எந்த மண்ணுக்குரியது என்பதை வரிசை எண்ணை வைத்தே பிரிக்க வேண்டும். அந்தப் பிரிவுகளில் புதுச்சேரிக்கு இடமில்லை. இத்தனைக்கும் 1940 செப்டம்பரிலேயே பிரெஞ்சிந்திய ஆளுநர் போன்வேன் டி கோல் பக்கம் சேர்ந்தார். 1942இல் எட்மன் துய்லாக் வரைந்த தாமரைத் தபால்தலைகள் லண்டனில் அச்சாகி வந்தன. பணம் மட்டும் ரூபாயாகவே நீடித்தது. உள்ளூர் நோட்டு என்றால் அது பேங்க் த லாந்தோஷின் வெளியிட்டது.

வரியைவிடப் பெரிய சிக்கல் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் இருக்கிறது. நாணயத்துக்கு 100 ஆண்டு வயது என்று அது பெயர் சொல்லியே விதிக்கிறது. வரலாற்று மதிப்புள்ள ஆவணத்துக்கு 75 ஆண்டு போதும். பணத்தாள் இரண்டில் எதில் சேரும் என்று ஒரு சொல் இல்லை. நாணயத்தின் இனம் என்றால் 1943 நோட்டு 2043இல்தான் தொல்பொருளாகும். ஆவணம் என்றால் 2018லேயே ஆகிவிட்டது, தனியார் ஏற்றுமதி செய்வது குற்றம். பிரிட்டனில் அச்சாகி, ரெயூனியோனில் புழங்கி, பாரிசில் ஏலம் எடுத்து இங்கே கொண்டுவந்த நோட்டுக்கும் இதே கதிதான். வாங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்பச் சுங்க மேசையில் கைகட்டி நிற்க வேண்டும்!

ஐயம் வந்தால் முடிவு சொல்லும் அதிகாரத்தைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தொல்லியல் துறைத் தலைமை இயக்குநருக்குத் தருகிறது. பொருளுக்குப் பொருள் மனு போட வைப்பதற்குப் பதில், பணத்தாளுக்கென ஒரே வரியில் விளக்கம் கொடுத்தால் தீர்ந்தது. ஜி.எஸ்.டி. பட்டியலில் நாணயத்தையும் நாணயமல்லாததையும் பிரித்து எழுதத் தெரிந்த அரசுக்கு இதை எழுத என்ன தடை? வசூல் என்றால் வரையறை துல்லியம். சேகரிப்பாளனின் உரிமை என்றால் மௌனம்.

விளக்கம் வரும்வரை விற்பவர்கள் பில்லில் வெளியிட்ட அமைப்பு, ஆணைத் தேதி, முழு வரிசை எண் மூன்றையும் குறிப்பதே முறை. வெளிநாட்டில் வாங்கியவர்கள் ஏல ரசீதையும் இறக்குமதிச் சீட்டையும் நோட்டுடன் சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.