சுவத்துல தொங்குற அந்தப் பெட்டிக்குச் சாவி யார்கிட்ட?



எங்க ஊர் நூலகச் சுவத்துல ஒரு வெள்ளைப் பெட்டி தொங்குது. வைஃபை பெட்டி. மாட்டுன அன்னிக்கு ரிப்பன் வெட்டினாங்க, போட்டோ எடுத்தாங்க, லட்டு குடுத்தாங்க. குரூப் 4-க்குப் படிக்கிற பிள்ளைங்க சாயங்காலமானா நூலகத் திண்ணையில உட்கார்ந்து பழைய வினாத்தாள் எல்லாம் அதுலதான் இறக்குவாங்க.

ஒருநாள் பெட்டியில விளக்கு எரியுது, நெட் வரல. விசாரிச்சா மூணு வருஷ ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சாம். பெட்டியை இயக்குற மென்பொருளுக்கு உரிமம் புதுப்பிக்கலயாம். கேபிள்ல இணையம் வந்துட்டுதான் இருக்கு. பெட்டியிலயும் எந்தக் கோளாறும் இல்ல. ஆனா கடவுச்சொல் கம்பெனிகிட்ட இருக்கு, கம்பெனிக்காரர் போனை எடுக்கல.

மக்கள் வரிப்பணத்துல வாங்குன பெட்டி, மக்கள் கட்டடத்துல மாட்டுன பெட்டி. சாவி மட்டும் எவர் கையிலயோ! இது எந்த ஊர் நியாயம்?

அந்த வாரமே ஒரு வேலை நடந்துச்சு. பாலிடெக்னிக் முடிச்ச எங்க ஊர் தம்பி ஒருத்தர், வீட்டு அலமாரியில சும்மா கிடந்த ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்தார். நூலகர் அக்காகிட்ட அனுமதி கேட்டு, அதுல இருந்த கம்பெனி மென்பொருளை எடுத்துட்டு, ‘ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி’ங்கிற கட்டற்ற மென்பொருளைப் போட்டார். நூலக உறுப்பினர் அட்டை எண்ணைப் பதிவேட்டுல எழுதிக்கிட்டு ஆளுக்கொரு தனிக் கடவுச்சொல் குடுத்தாங்க. மறுநாள் சாயங்காலம் திண்ணை மறுபடி நிறைஞ்சிடுச்சு. மென்பொருளுக்கு ஆன செலவு பூஜ்யம்.

இது ஏதோ ஒரு தம்பியோட சாமர்த்தியம்னு கடந்துபோக முடியாது. இதுக்குப் பின்னால ஒரு உரிமைக் கதை இருக்கு.

2002 டிசம்பர்ல லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே நிரலாளர்கள் அதைத் துருவிப் பார்த்தாங்க. உள்ள ஓடினது லினக்ஸ்! லினக்ஸை யார் வேணா எடுத்துக்கலாம், மாத்தலாம், விக்கலாம். ஆனா அதோட ஜிபிஎல் உரிமத்துல ஒரு நிபந்தனை உண்டு: அதை வச்சுப் பொருள் செஞ்சு வித்தா, வாங்குனவருக்கு மூலநிரலையும் குடுக்கணும். ஊர்க் கிணத்துல தண்ணி இறைக்கலாம், கிணத்துக்கு மூடி போட்டுப் பூட்டக் கூடாது. அவ்வளவுதான் விதி.

கேள்வி எழுந்துச்சு. 2003-லயே மூலநிரல் வெளிய வந்துச்சு. அதை அடித்தளமா வச்சு 2004-ல பிறந்ததுதான் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. அந்த முதல் ரவுட்டரோட பேரைத்தான் இன்னிக்கும் சுமக்குது. இப்ப பல கம்பெனிகளோட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடல்கள்ல அது ஓடும். உரிமத்துல எழுதியிருந்த ஒரு வரியை நாலு பேர் விடாம கேட்டதால உலகத்துக்கே கிடைச்ச சொத்து இது.

“நம்மளால முடியுமா?”ன்னு கேக்குற தோழர்களுக்கு, சுருக்கமா வேலை இதுதான்:

1. ரவுட்டர் வாங்குறதுக்கு முன்னாடி, அந்த மாடல் திட்டத்தோட ஆதரவுப் பட்டியல்ல இருக்கான்னு பாருங்க. ஒரே மாடல்ல பல பதிப்பு வரும். அடியில ஒட்டியிருக்கிற பதிப்பு எண் ரொம்ப முக்கியம். 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராமுக்குக் குறையாம இருக்கணும்.

2. அந்தப் பதிப்புக்கான கோப்பை மட்டும் இறக்கி, சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டுப் பார்த்துட்டு ஏத்துங்க. ஏத்தும்போது கரண்ட் போகக் கூடாது. தப்பான கோப்பை ஏத்தினா பெட்டி செங்கல் ஆயிடும். வாரன்டியும் போகலாம். அதனால முதல்ல பழைய ரவுட்டர்ல கை பழகுங்க.

3. ஏத்துனதும் பெரும்பாலான மாடல்கள்ல வைஃபை அணைஞ்சே இருக்கும். கம்பி போட்டு 192.168.1.1 முகவரிக்குப் போங்க. முதல் வேலையா நிர்வாகக் கடவுச்சொல் வைங்க. நாடு ‘இந்தியா’ன்னு குறிங்க. அப்பதான் அலைவரிசையும் சக்தியும் நம்ம சட்ட வரம்புக்குள்ள நிக்கும்.

4. டபிள்யூ.பி.ஏ2 அல்லது டபிள்யூ.பி.ஏ3 பாதுகாப்பு போடுங்க. பொதுமக்களுக்குத் தனி வலை, அலுவலகக் கணினிக்குத் தனி வலை. ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு வழி இருக்கக் கூடாது.

5. ‘எஸ்.க்யூ.எம்’னு ஒரு வசதி இருக்கு. அதை நிறுவி இயக்குங்க. ஒருத்தர் படம் இறக்கினா இன்னொருத்தர் ஆன்லைன் வகுப்பு நிக்காது. இருக்கிற வேகத்தை எல்லாருக்கும் பங்கு போட்டுக் குடுக்கும்.

வைஃபை அலை பரப்புற வேலையை ‘ஹோஸ்ட்ஏபிடி’, ஒவ்வொரு போனுக்கும் முகவரி குடுக்குற வேலையை ‘டிஎன்எஸ்மாஸ்க்’னு ரெண்டு சின்ன நிரல்கள் பாத்துக்குது. ரெண்டுமே திறந்த மூலம். விலையுயர்ந்த பல கம்பெனிப் பெட்டிகளுக்குள்ளயும் ஓடுறது இதே ஆளுங்கதான்!

ஒரு ரவுட்டர்ல முடியுறது ஒரு ஊர் முழுக்க முடியுமா? முடிஞ்சிருக்கு.

2005 ஜனவரி கடைசியில இந்தியாவுல வெளிப்புற வைஃபைக்கு உரிமம் வேண்டாம்னு விதி தளர்ந்தது. இமாச்சலப் பிரதேசத்து தர்மசாலாவுல, பிப்ரவரி முடியறதுக்குள்ள 8 வளாகங்களை வைஃபை வலையால இணைச்சுட்டாங்க. மலைப்பாங்கான ஊர், திபெத்திய அகதிகள் வாழுற ஊர். லினக்ஸ் ஓடுற சின்ன ரவுட்டர்களை வச்சே அந்த வலை 30-க்கும் மேற்பட்ட முனைகளா வளர்ந்து, 2,000-க்கும் அதிகமான கணினிகளை இணைச்சது.

ஸ்பெயினோட கட்டலோனியாவுல, கிராமங்களுக்கு பிராட்பேண்ட் குடுக்கக் கம்பெனிகள் தயங்குனப்போ, 2004-ல அந்த மக்களே தொடங்கினது ‘குய்ஃபி.நெட்’. இன்னிக்கு 35,000-க்கும் மேற்பட்ட முனைகள். வலை எல்லாருக்கும் பொது. அதுல சேவை குடுத்து யாரும் சம்பாதிக்கலாம், ஆனா வலையைத் தனக்குன்னு யாரும் பட்டா போட்டுக்க முடியாது.

நம்ம கதைக்கு வருவோம். மஞ்சள் நிற எஸ்.டி.டி. பூத் ஞாபகம் இருக்கா? மாற்றுத்திறனாளிகள் பலர் அதை வச்சுக் குடும்பம் நடத்தினாங்க. அதே மாதிரி டீக்கடை, பெட்டிக்கடை கூட வைஃபை விக்கலாம்னு 2020 டிசம்பர்ல ஒன்றிய அமைச்சரவை பி.எம்.-வாணி திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்துச்சு. கடைக்காரருக்கு உரிமம் வேண்டாம், பதிவுக் கட்டணமும் வேண்டாம். பயன்படுத்துறவரை அடையாளம் சரிபார்க்குற வேலையைச் செயலியே பாத்துக்கும். யோசனை நல்ல யோசனை. அதை மறுக்கல.

ஆனா நடந்தது என்ன? 2022-க்குள்ள 1 கோடி பொது வைஃபை மையங்கள்னு 2018 தொலைத்தொடர்புக் கொள்கை எழுதி வச்சது. பி.எம்.-வாணி மையங்கள் சில லட்சத்துலயே நிக்குது. பெரிய காரணம் இணைப்புக் கட்டணம். வீட்டு இணைப்புக்கு ஒரு விலை, கடைக்காரர் பகிர்ந்து விக்கணும்னா பல மடங்கு விலை. 2025 ஜூன்ல தான் டிராய் தலையிட்டு, 200 எம்பிபிஎஸ் வரைக்குமான திட்டங்களுக்கு, வீட்டுக் கட்டணத்தைப் போல ரெண்டு மடங்குக்கு மேல வாங்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. ஆக, இணைப்பு விலையில ஒரு கதவு திறந்திருக்கு. பெட்டி விலையில இருக்குற கதவைத் திறக்குறது கட்டற்ற மென்பொருள்தான். வருஷா வருஷம் உரிமக் கட்டணம் கட்டுற பெட்டியை வச்சு எந்தப் பெட்டிக்கடைக்காரர் அஞ்சு ரூபா வைஃபை விக்க முடியும்?

“ஓசி மென்பொருளுக்கு யார் சப்போர்ட் குடுப்பா?”ன்னு அதிகாரிகள் கேப்பாங்க. நியாயமான கேள்விதான். கட்டற்ற மென்பொருள் போட்டுட்டா தானா பாதுகாப்பு வந்துடாது. மாசத்துக்கு ஒருதடவையாவது புதுப்பிப்பு பார்க்கணும், கெட்டதை மாத்தணும். அதுக்கு ஆள் வேணும், ஆளுக்குச் சம்பளம் வேணும். எங்கேயோ இருக்கிற கம்பெனிக்குப் போற உரிமக் காசு, நம்ம ஐடிஐ, பாலிடெக்னிக் பிள்ளைங்களுக்குச் சம்பளமாப் போகட்டும்னுதான் சொல்றோம். மூணு வருஷ ஒப்பந்தக் கம்பெனி எங்க ஊர் நூலகத்துக்குக் குடுத்த சப்போர்ட் எப்படின்னு மேலேயே பார்த்தோமே!

எனவே, பொதுப் பணத்தில் அமைக்கப்படும் ஒவ்வொரு வைஃபைக்கும் நாம் முன்வைக்கும் கோரிக்கைகள்:

▪️ டெண்டரிலேயே திறந்த மூல மென்பொருள் கட்டாயமாக்கப்பட வேண்டும். அல்லது அதை நிறுவிக்கொள்ளும்படி பெட்டி பூட்டப்படாமல் இருக்க வேண்டும்.

▪️ ஒப்பந்தம் முடியும் நாளில் கடவுச்சொல், அமைப்புக் கோப்புகள், வரைபடம் அனைத்தும் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துபூர்வமாக ஒப்படைக்கப்பட வேண்டும்.

▪️ சட்டம் கேட்பதற்கு மேல் மக்களின் இணையப் பயன்பாட்டுத் தகவல் எதையும் யாரும் சேகரிக்கக் கூடாது, விற்கக் கூடாது.

▪️ ஒவ்வொரு ஒன்றியத்திலும் உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து, பராமரிப்புப் பணி அவர்களுக்கே வழங்கப்பட வேண்டும்.

தோழர்களே, அடுத்த கிராமசபைக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “நம்ம ஊர் வைஃபை பெட்டிக்குக் கடவுச்சொல் யார்கிட்ட இருக்கு? ஒப்பந்தம் என்னிக்கு முடியுது?” பதிலைத் தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லுங்க. பதில் இல்லைன்னா, இல்லைன்னே எழுதச் சொல்லுங்க.

எங்க ஊர் நூலகத்துல அந்த வெள்ளைப் பெட்டி இன்னும் தொங்கிட்டுதான் இருக்கு, விளக்கு எரிஞ்சுகிட்டு. அதுக்குக் கீழ ஒரு மரப்பலகையில தம்பியோட பழைய ரவுட்டர் வேலை செய்யுது. கேட்காம விட்டா என்ன ஆகும், கேட்டு வாங்குனா என்ன ஆகும்னு ரெண்டும் ஒரே சுவத்துல இருக்கு. வந்து பாருங்க.

படிங்க, பகிருங்க, உங்க ஊர் நிலவரத்தைக் கமெண்ட்ல சொல்லுங்க.

#பெட்டியும்_நமது_சாவியும்_நமது
#பொதுப்பணம்_பொதுநிரல்