திரை அறியாத பிழை

இஸ்ரோ 2004-இல் ஏவிய எடுசாட், கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பாடங்களைக் கொண்டுசென்றது. 2017-இல் தொடங்கிய தீக்ஷா கல்வித் தளத்தின் தொழில்நுட்ப அடித்தளமும் பெங்களூருவின் எக்ஸ்டெப் அறக்கட்டளையில் உருவானதே. கருவிகளுக்குப் பஞ்சமில்லை.

ஆனால், மூன்றைவிட நான்கு பெரிது. ஆகவே மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்றும் பெரிது என நம்பும் குழந்தையைக் காணொலி கண்டுகொள்வதில்லை. அதை நிறுத்தி, ‘ஏன்?’ என வினவி, ஒரு சப்பாத்தியைப் பங்கிட்டுக் காட்டுபவர் ஆசிரியரே. டிஜிட்டல் வகுப்பறைக்கும் அதுவே முதல் தகுதி.

ஆசிரியர்களுக்கான நிஷ்டா பயிற்சி 2020-இல் தீக்ஷா வழியே இணையத்துக்கு மாறியது. காணொலி பார்த்துப் பெறும் சான்றிதழ் மட்டும் அத்தகுதிக்குச் சான்றாகாது. சக ஆசிரியர் முன் பாடம் நடத்தி, மாணவர் பிழைகளை ஆராயும் நேரத்தையும் அரசு பயிற்சியாகக் கணக்கிட வேண்டும்.