கூண்டு யாருக்காக?



ஆண்டுத் தேர்வுகள் முடிந்து பள்ளிகள் மூடப்படும் நாள்களில் நம் இல்லங்களில் ஒரு வேண்டுகோள் எழுவது வழக்கம். வளர்ப்பதற்கு ஏதேனும் ஓர் உயிரை வாங்கித் தாருங்கள் என்று பிள்ளைகள் தாய் தந்தையரை நச்சரிப்பார்கள். முன்னாள்களில் கொங்கு நாட்டு வீடுகள் பலவற்றின் திண்ணையில் பச்சைக்கிளிக் கூண்டு தொங்கியது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் இன்று குற்றம். கிளி இருந்த இடத்திற்கு லவ் பேர்ட்ஸ் வந்தன. வண்ண மீன் தொட்டி வந்தது. இப்பொழுது ஹாம்ஸ்டர் எனும் சிறு பிராணியும் கோவை நகரத்துச் செல்லப் பிராணிக் கடைகளுக்கு வந்துள்ளது. பிறந்த நாளுக்கும், கிறிஸ்மஸ் விழாவுக்கும், முதல் நற்கருணை நாளுக்கும் இதனைப் பரிசாகக் கேட்கும் பிள்ளைகள் உண்டு.

பிராணியைத் தேர்வதில் பிள்ளை காட்டும் ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கூண்டைத் தேர்வதில் பெரியவர்கள் காட்டுவதில்லை. கடையில் எடுத்துக் கொடுக்கும் வண்ணப் பெட்டியோடு வீடு திரும்பிவிடுகிறோம். ஆனால் அவ்வுயிர் நலமாக வாழ்வதும் வாடி மடிவதும் பெரும்பாலும் அந்தப் பெட்டியைப் பொறுத்தவை. ஆகவே இத்திங்கள் கூண்டைப் பற்றியும், அதனுள் வைக்கும் விளையாட்டுப் பொருள்களைப் பற்றியும் சற்றுச் சிந்திப்போம்.

அதன் பிறந்தகம்

நம் தோட்டங்களில் வளை தோண்டி வாழும் வெள்ளெலி வேறு, ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் வெள்ளை எலி வேறு, ஹாம்ஸ்டர் வேறு. இதற்கு வால் மிகக் குட்டை. தானியத்தைச் சேர்த்துச் சுமந்து செல்லக் கன்னங்களின் உட்புறம் இரு பைகள் உண்டு. பொன்னிற ஹாம்ஸ்டரின் தாயகம், சிரியா நாட்டில் அலெப்போ நகரைச் சூழ்ந்த வேளாண் நிலங்களாகும். 1930-ஆம் ஆண்டில் எருசலேமைச் சேர்ந்த விலங்கியல் அறிஞர் இஸ்ரேல் அஹரோனி, அங்கே ஒரு கோதுமை வயலைத் தோண்டச் செய்து, ஏறத்தாழ எட்டடி ஆழத்தில் ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் கண்டெடுத்தார். உலகெங்கும் வீடுகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் இன்றுள்ள பொன்னிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்த ஒரே ஈற்றின் வழித்தோன்றல்களே.

எருசலேம் கொண்டுவரப்பட்ட குட்டிகளை மரத் தளம் உடைய ஒரு கூண்டில் இட்டார்கள். மறுநாள் காலையில் பார்த்தபோது, ஐந்து குட்டிகள் அத்தளத்தைக் கடித்துத் துளைத்துக்கொண்டு வெளியேறியிருந்தன. இப்பிராணிக்கு மனிதர் அமைத்த முதற்கூண்டுகளில் ஒன்றே இவ்வாறு தோற்றுப் போயிற்று. ஹாம்ஸ்டர் மண்ணுக்கு அடியில் வாழப் பிறந்தது. பற்கள் ஓயாமல் வளர்வதால் எதையேனும் ஓயாமல் கடிப்பது. இவ்விரண்டையும் மனத்திற் கொண்டு கூண்டைத் தேர வேண்டும்.

அகலமும் ஆழமும்

கடைகளில் விற்கும் சிறு கூண்டுகள் நம் கண்ணுக்கு அழகானவை. மாடி, ஏணி, சறுக்குக் குழாய், சிவப்பும் மஞ்சளுமான பிளாஸ்டிக் வீடு எல்லாம் அவற்றில் உண்டு. ஓடுவதற்குத் தரையும் தோண்டுவதற்கு ஆழமும்தாம் இல்லை. ஜெர்மன் நாட்டுக் கால்நடை மருத்துவர்களின் விலங்கு நலச் சங்கம், ஒரு ஹாம்ஸ்டருக்கு 100 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் 50 செ.மீ. உயரமும் உடைய கூண்டையே குறைந்த அளவாகக் கூறுகிறது. நம் கணக்கில் ஏறத்தாழ மூன்றேகால் அடி நீளம், ஒன்றரை அடிக்குச் சற்று மிகுந்த அகலம்.

இஃது ஆடம்பரம் அன்று. சுவிட்சர்லாந்தில் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொன்னிற ஹாம்ஸ்டர்களை நான்கு வகை அளவுள்ள கூண்டுகளில் வளர்த்து, தம் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றுள் மிகச் சிறியது 1,800 சதுர செ.மீ. பரப்புடையது, ஏறத்தாழ இரண்டடிக்கு ஓரடி. கூண்டு சிறுத்திருந்தால் பிராணிகள் கம்பியை நெடுநேரம் கடித்துக்கொண்டிருந்தன. தோண்டுவதற்கான படுகையின் ஆழத்தை 10, 40, 80 செ.மீ. என மாற்றி ஆராய்ந்தபோது, ஆழம் மிக மிகக் கம்பி கடிக்கும் பழக்கம் குறைவதைக் கண்டார்கள்.

கம்பியைக் கடிக்கும் ஹாம்ஸ்டரைப் பார்த்து, ‘விளையாடுகிறது’ என்று நம் பிள்ளைகள் கைகொட்டி மகிழ்வார்கள். அது விளையாட்டன்று, வெளியேற விரும்பும் உயிரின் முறையீடு. வாய்விட்டுக் கதறத் தெரியாத பிராணியின் துயரத்தை நாம் வேடிக்கையாக எண்ணிக்கொள்வது எத்துணைக் கொடுமை!

கம்பியா, கண்ணாடியா?

லவ் பேர்ட்ஸ் வளர்த்த பழைய கூண்டு வீட்டில் கிடந்தால் அதையே பயன்படுத்தலாம் என்று தோன்றும். அது தகாது. பறவைக்கு உயரம் வேண்டும். ஹாம்ஸ்டருக்குத் தரை வேண்டும். தூரத்தைச் சரியாகக் கணிக்க இயலாத அதன் கண்கள் உயரத்திலிருந்து விழச் செய்யும். அரை அங்குல இடைவெளியுள்ள கம்பி வலையில் குள்ள வகை ஹாம்ஸ்டர் எளிதில் நுழைந்து போய்விடும். அடித்தளமும் கம்பியாக இருந்தால் பாதங்கள் புண்ணாகும்.

நம் நகரங்களில் எளிய வழி ஒன்று உண்டு. மீன் தொட்டி செய்பவரிடம் மேற்கூறிய அளவைக் கொடுத்து ஒரு கண்ணாடித் தொட்டி செய்யச் சொல்லலாம். மேலே கண்ணாடி மூடி வேண்டா. நெருக்கமான இரும்பு வலையைச் சட்டமிட்டு மூடியாக்க வேண்டும். காற்றோட்டம் அவ்வழியே கிடைக்கும். பூனை உள்ள வீடுகளில் மூடிக்குக் கொண்டியும் தேவை.

உள்ளே ஓரடி ஆழத்திற்காவது, தூசி நீக்கிய மரச்சீவல், காய்ந்த புல், அச்சு மை படாத காகிதத் துண்டுகள் ஆகியவற்றைக் கலந்து நிரப்புக. மரம் அறுக்கும் மில்லிலிருந்து அள்ளி வரும் நுண்ணிய மரத்தூள் வேண்டா. அது மூச்சுக்குழலைத் தாக்கும். துப்புரவு செய்யும்போது நனைந்த மூலையை மட்டும் அவ்வப்போது மாற்றி, மற்றதில் ஒரு பகுதியை எப்பொழுதும் விட்டுவைக்க வேண்டும். தன் வாசனை உள்ள இடமே அதற்கு வீடு.

ஒன்றே போதும்

‘பாவம், தனியாக இருக்கிறதே, துணைக்கு இன்னொன்று வாங்குவோம்’ என்பது தாய்மாரின் இரக்கம். நம் இயல்பை அதன்மேல் ஏற்றுவதால் வரும் இரக்கம் அது. அலெப்போ வயல்களில் ஆராய்ந்தவர்கள், வளைக்கு ஒரு முதிர்ந்த ஹாம்ஸ்டர் என்ற கணக்கையே கண்டார்கள். வளர்ந்த இரண்டை ஒரே கூண்டில் இட்டால் குருதி சிந்தும் சண்டை மூளும். ஒன்று மடியவும் கூடும். ஆணும் பெண்ணுமாயின், சினையுற்றுப் பதினாறு நாள்களிலேயே குட்டிகள் பிறந்துவிடும். அத்தனை குட்டிகளுக்கும் தனித்தனிக் கூண்டு தேட யாரால் இயலும்?

விளையாட்டுப் பொருள்கள்

முதலாவது, சக்கரம். ஓரிரவில் பல கிலோமீட்டர் ஓடும் இயல்புடையது ஹாம்ஸ்டர். ஆகவே சக்கரம் இன்றியமையாதது. ஆனால் சிறு கூண்டுகளோடு வரும் சக்கரத்தில் ஓடினால் முதுகு வில்லாய் வளையும். பொன்னிற வகைக்கு ஏறத்தாழ 30 செ.மீ. விட்டமும், குள்ள வகைக்கு 20 செ.மீ. விட்டமும் வேண்டும். ஓடும் பரப்பு இடைவெளியின்றி இருத்தல் வேண்டும்; கம்பிப் படிகளுக்கு இடையே கால் சிக்கி முறியும். சக்கரம் கிறீச்சிட்டால், அச்சில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் போதும்.

இரண்டாவது, பிராணியை உள்ளே அடைத்துத் தரையில் உருட்டிவிடும் பிளாஸ்டிக் பந்து. இதை வாங்கவே வேண்டா. காற்றோட்டம் குறைவு; சுவரிலும் மேசைக் காலிலும் மோதும்; வேண்டியபோது வெளியே வர அதற்கு வழியில்லை. மகிழ்ச்சி பார்ப்பவருக்கு மட்டுமே.

மற்றவை யாவும் நம் வீட்டிலேயே உள்ளன. பொள்ளாச்சித் தேங்காயின் கொட்டாங்கச்சியை நார் நீக்கி, விளிம்பைத் தேய்த்து, வாயில் வெட்டிக் கவிழ்த்தால் குள்ள ஹாம்ஸ்டருக்கு நல்ல குடில். பொன்னிற வகைக்குச் சிறு மண்கலயத்தைச் சாய்த்து வைக்கலாம். பூச்சிமருந்து தெளிக்காத கொய்யாக் குச்சிகள் கடிப்பதற்கு ஏற்றவை. அரளிக் குச்சியை எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள், அது நஞ்சு. அகன்ற மண் தட்டில் கழுவிச் சலித்து உலர்த்திய ஆற்று மணலை இட்டால், அதில் புரண்டு தன் மயிரைத் தூய்மை செய்துகொள்ளும். தானியத்தைக் கிண்ணத்தில் குவிக்காமல் படுகையில் தூவிவிட்டால், தேடி எடுப்பதே இரவெல்லாம் நீடிக்கும் விளையாட்டு.

பஞ்சாலைகள் நிறைந்த நம் பகுதியில் ஓர் எச்சரிக்கை தேவை. மென்மையான மெத்தையாகுமே என்று பஞ்சை வைக்காதீர்கள். பஞ்சின் இழைகள் காலைச் சுற்றி இறுக்கி இரத்த ஓட்டத்தை நிறுத்தும். விழுங்கினால் குடலை அடைக்கும். நூல் சுற்றும் அட்டைக் கோன்களும் ஆகா. ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகுவதால் பிராணி நடுவில் சிக்கிக்கொள்ளும். ஒட்டியிருக்கும் நூலும் ஆபத்து. இருபுறமும் ஒரே அகலமுள்ள அட்டைக் குழாயே தக்கது.

வெயில்

பாலக்காட்டுக் கணவாயின் காற்று வீசும் கோவையிலேயே பங்குனி, சித்திரை மாதங்களில் வெப்பம் 35 பாகையைக் கடக்கிறது. கரூர், ஈரோடு பக்கம் இன்னும் மிகுதி. ஹாம்ஸ்டருக்கு உகந்தது 20 முதல் 24 பாகை. தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் வேய்ந்த கூரையின் கீழ் நண்பகலில் மூடிய அறையில் விடப்பட்ட பிராணி பிழைப்பது அரிது. வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், சாளர வெயில் படாத மூலையில், உயரமில்லாத இடத்தில் கூண்டை வையுங்கள். உள்ளே ஒரு மண்கலயமும் ஒரு தரை ஓடும் இருந்தால் அவற்றின்மேல் படுத்துக் குளிர்ச்சி பெறும். பிராணி நீட்டிப் படுத்து மூச்சு வாங்கினால், குளிர்ந்த அறைக்கு மாற்றி, உடனே கால்நடை மருத்துவரை நாட வேண்டும். ஐஸ் நீரில் முக்குதல் கூடாது.

முதலில் கூண்டு

அசைந்து நடமாடப் போதிய நீள அகல உயரமில்லாத கூண்டில் எந்த விலங்கையும் அடைத்து வைப்பது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி குற்றமாகும். 2018-ஆம் ஆண்டின் விதிகளின்படி, செல்லப் பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வாங்குமுன் பதிவுச் சான்றைக் கேட்பதில் தயக்கம் வேண்டா. ஆனால் நம் வீட்டு மூலையில் உள்ள கூண்டைக் காவலர் வந்து அளப்பதில்லை. அங்கே சட்டம் நம் மனச்சான்றுதான்.

எனவே ஒரு வழி கூறுகிறோம். முதலில் கூண்டை மட்டும் வாங்கி, படுகை நிரப்பி, பிராணியின்றி ஒரு வாரம் வீட்டில் வையுங்கள். வெயில் எந்நேரத்தில் எங்கே விழுகிறது, எறும்பு ஏறுகிறதா, பூனை சுற்றுகிறதா என்று பாருங்கள். தண்ணீர்ப் புட்டியை நாள்தோறும் மாற்றும் பொறுப்பைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். ஏழு நாளும் தவறாமல் செய்த பிள்ளையை எட்டாம் நாள் கடைக்கு அழைத்துச் செல்லலாம். மூன்றாம் நாளே மறந்துவிட்டால், அந்த வேலை தாய்க்கே வந்து சேரும் என்பதை இப்போதே அறிந்துகொள்ளலாம்.

ஹாம்ஸ்டரின் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகளே. ஐந்தாம் வகுப்பில் வாங்கிய உயிர் எட்டாம் வகுப்பில் பெரும்பாலும் இராது. அச்சிறு வாழ்நாள் முழுவதும் அது காணும் உலகம் நாம் தேர்ந்து வைக்கும் அந்த மூன்றேகால் அடிதான்.

அத்துணை இடம் நம் வீட்டில் இல்லையெனில், ‘வேண்டாம், கண்ணே’ என்று சொல்வதில் குறைவு ஒன்றுமில்லை. மொட்டை மாடியில் ஒரு மண்சட்டி நிறையத் தண்ணீரும் கைப்பிடி கம்பும் வைத்துப் பாருங்கள். அணிலும் சிட்டும் தாமே வரும். அவற்றுக்குக் கூண்டு தேட வேண்டியதில்லை. சட்டியில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும்.