நாம் இருவர், ஆபரேஷனுக்கு ஒருத்தி

தமிழ்நாட்டின் எந்தப் பிரசவ வார்டிலும் காதில் விழக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. ‘‘ரெண்டாவதாம்மா? கையோட ஆபரேஷனையும் முடிச்சிடலாமா?’’

கேட்பவர் டாக்டராக இருக்கலாம். நர்ஸம்மாவாக இருக்கலாம். மாமியாராகக்கூட இருக்கலாம். வலியில் இருப்பவள் ‘உம்’ என்கிறாள். அவள் கணவர் வெளியே வராந்தாவில் சாக்லேட் டப்பாவோடு நிற்கிறார். ‘‘சார், அந்த ஆபரேஷனை நீங்க பண்ணிக்கிறீங்களா?’’ என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் என்ன ஆகும்? வார்டே சிரிக்கும்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

முதலில் கணக்கு. 2019-21ல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் திருமணமான பெண்களில் 37.9 சதவிகிதம் பேர் கு.க. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்கள் 0.3 சதவிகிதம். அதாவது ஓர் ஆணுக்கு ஏறத்தாழ 125 பெண்கள். தமிழ்நாடு இதில் ஒரு படி மேலே. இங்கே ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் நூற்றுக்கு 58 பேர். ஆண்கள்? ஒரு சதவிகிதத்துக்கும் வெகு கீழே, தேடிப் பிடிக்க வேண்டிய அளவில் இருக்கிறார்கள்.

நான் வணிகவியல் படித்தவன். ஒரு பார்ட்னர்ஷிப் கம்பெனியில் லாபத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு, செலவை மட்டும் ஒரே பார்ட்னரின் பெயரில் எழுதினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்று சுவருக்குச் சுவர் எழுதினோமே, அந்தக் கம்பெனியின் கணக்கு மட்டும் எப்படி இத்தனை வருடமாக ஆடிட்டிங்கே இல்லாமல் ஓடுகிறது?

‘‘சிசேரியன்ல எப்படியும் வயித்தைத் திறக்கறாங்க, அதோட முடிச்சா நல்லதுதானே?’’ என்பீர்கள். நியாயமான கேள்வி. அப்படிச் செய்வதில் மருத்துவரீதியாகத் தவறில்லை. விவரம் தெரிந்து, ஐந்தாம் மாதத்திலேயே யோசித்து, ஒரு பெண் தானாக அதைத் தேர்ந்தெடுத்தால் அது அவள் உரிமை. அதில் தலையிட நான் யார்? ஆனால், வலிக்கும் மயக்கத்துக்கும் நடுவில் வாங்குகிற ‘உம்’மை முடிவு என்று சொல்லாதீர்கள்.

குழந்தை பிறந்த பிறகு வரும் முதல் இரண்டு வருடங்களைப் பாருங்கள். நம் வீடுகளில் கருத்தடையும் தாய்ப்பாலும் முட்டிக்கொள்கிற காலம் அது.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு இரண்டு வயதுவரையோ அதற்கு மேலுமோ தாய்ப்பால் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், அந்த இரண்டு வருடமும் வீட்டில் யாரோ ஒருவர் கவனமாக இருந்தாக வேண்டும் என்று புரியும்.

அந்த ‘யாரோ ஒருவர்’ யார்?

நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு: ‘‘பால் குடுக்கிற வரைக்கும் தங்காது.’’ இதில் பாதி உண்மை. அந்தப் பாதிக்கு மூன்று நிபந்தனை. குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது. இரவு பகல் பாராமல் தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால் நூற்றுக்கு 98 பங்கு பாதுகாப்பு. ஒன்று தவறினாலும் அதை நம்ப முடியாது. அதிலும் ஒரு சிக்கல். முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வந்துவிடும். ‘‘இன்னும் தலைக்கே ஊத்தலையே, எப்படி?’’ என்று திகைத்து நிற்கிற பெண்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்படி ஒரு கர்ப்பம் வந்ததும் வீட்டில் என்ன நடக்கும்? ‘‘கர்ப்பப் பால் கெட்டுப்போகும், உடனே நிறுத்து!’’ சாதாரணமான கர்ப்பத்தில் பால் கொடுப்பதால் கெடுதல் இல்லை என்று டாக்டர் சொன்னாலும் பாட்டிகள் கேட்க மாட்டார்கள். வேப்பிலையை அரைத்துத் தடவு, பிள்ளையை நாலு நாள் அம்மா வீட்டில் விடு என்று ஒரே நாளில் பால் மறக்கடித்துவிடுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, குழந்தையும் தாயும் பழகி விலக வேண்டிய ஒரு விஷயம், ஒரே ராத்திரியில் முடிந்துபோகும். ஏக்கத்தில் பிள்ளை அழும். பால் கட்டிக்கொண்டு தாய் அழுவாள். இன்னொரு வீட்டில், யாருக்கும் தெரியாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வந்த கலைப்பு மாத்திரை தாயை ரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போடும்.

இத்தனைக்கும் தொடக்கம் என்ன? ஓர் ஆண் ஆணுறை வாங்கச் சோம்பல்பட்டது. இந்தியாவில் ‘நிரோத்’ 1968லேயே வந்துவிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் மருந்துக்கடையில் நம் ஆளுக்கு வாய் வரவில்லை. சிகரெட்டை மட்டும் பெயர் சொல்லி, பிராண்ட் சொல்லி வாங்குகிறார்.

‘‘ஏன், அவ மாத்திரை போட்டுக்கலாமே?’’ என்று கேட்கிறவர்களுக்கு: எல்லா மாத்திரையும் பால் கொடுக்கிற தாய்க்கு ஆகாது. ஈஸ்ட்ரோஜன் கலந்த வழக்கமான கருத்தடை மாத்திரை பால் சுரப்பைக் குறைக்கலாம். அதனால் பால் கொடுக்கிறவர்கள் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை அதைத் தவிர்ப்பதே பொது வழக்கம். ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரைகளும் இருக்கின்றன. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த, ஹார்மோனே இல்லாத மாத்திரை ‘சாயா’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற ‘அந்தரா’ ஊசி 2017ல் அரசுத் திட்டத்தில் வந்தது. பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே காப்பர் டி வைத்துக்கொள்ளலாம். எல்லாமே பயனுள்ளவை. டாக்டரிடம் கேட்டு, தங்களுக்குப் பொருந்துவதைப் பெண்கள் தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். மாத்திரையை விழுங்குவது அவள், ஊசி போட்டுக்கொள்வது அவள், கருவியைச் சுமப்பது அவள். மாதவிலக்கு தாறுமாறானால் கவலைப்படுவதும் அவள்தான்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கர்ப்பத்தை ஆண் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. பிரசவத்தையும் முடியாது. பால் கொடுப்பதையும் முடியாது. இந்த மூன்றையும் இயற்கை அவள் பற்றுக் கணக்கில் எழுதிவிட்டது. மிச்சம் இருக்கும் ஒரே வேலை கருத்தடை. பாலுக்கும் குழந்தைக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓர் ஆண் முழுசாக ஏற்றுக்கொள்ளக் கூடிய வேலை அது. அந்த ஒன்றையும் அவள் பக்கமே எழுதிவிட்டு, ‘‘குடும்பத்துக்காக ஓடி ஓடி உழைக்கிறேன்’’ என்று வசனம் பேசுவது போங்காட்டம்.

இடைவெளி வேண்டுமா, ஆணுறை. ஒவ்வொரு முறையும், ஒழுங்காக. இரண்டு பிள்ளை போதும் என்று இருவரும் முடிவு செய்துவிட்டீர்களா, வாசெக்டமி.

அந்தச் சொல்லைக் கேட்டதும் கால்மேல் கால் போட்டுக்கொண்ட அன்பர்களுக்காக ஒரு விளக்கம். மரத்துப்போக ஓர் ஊசி. தோலில் சின்னதாக ஒரு துளை. தையல்கூடக் கிடையாது. விந்தணு வருகிற மெல்லிய குழாயை மட்டும் துண்டித்துக் கட்டுகிறார்கள். சுமார் 20 நிமிடத்தில் முடியும், அன்றே வீட்டுக்குப் போகலாம். தழும்பில்லாத இந்த முறையை 1974ல் சீனாவில் லி ஷுன்சியாங் என்ற டாக்டர் உருவாக்கினார். பெண்ணுக்கோ வயிற்றைத் திறந்து உள்ளே போக வேண்டும், மயக்க மருந்து வேண்டும். இரண்டில் எளிதும் ஆபத்துக் குறைந்ததும் ஆணுக்குச் செய்வதுதான். இது டாக்டர்கள் எல்லோருக்கும் தெரியும்.

‘‘ஆண்மை போயிடுமே?’’ போகாது. ஆண்மைக்கான ஹார்மோன் குழாய் வழியாகப் போவதில்லை, ரத்தத்தில் கலக்கிறது. மீசை, குரல், ஆசை, திறன் எல்லாம் போட்டது போட்டபடி இருக்கும். விந்து வெளியேறுவதுகூட அப்படியேதான், அதில் அணுக்கள் மட்டும் இருக்காது.

‘‘உழைக்கிற உடம்பாச்சே?’’ ஓரிரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் கனமாக எதையும் தூக்காமல் இருந்தால் போதும். வயிற்றுத் தையலோடு, ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பால் கொடுத்து, மூத்ததைக் குளிப்பாட்டி, குடம் தூக்குகிறாளே, அது என்ன, உழைக்காத உடம்பா?

‘‘நாளைக்கே அவளுக்கு ஒண்ணு ஆயிட்டா, இன்னொரு கல்யாணம்...’’ இதை வெளியே யாரும் சொல்வதில்லை. உள்ளே பல பேர் நினைக்கிறார்கள். இதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. உங்கள் மனைவியிடம் சொல்லிப் பாருங்கள், அவர் பதில் சொல்வார்.

கடைசிக் காரணம் பெண்கள் சொல்வது. அதுதான் வலிக்கிறது. ‘‘அவருக்கு வேணாம் சார். அவர் பண்ணிக்கிட்டு, அப்புறம் எனக்கு நின்னுட்டா ஊர் என்னைத்தானே பேசும்?’’ வாசெக்டமி செய்த அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. ஏற்கெனவே குழாயில் தங்கிய அணுக்கள் காலியாக மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை வேண்டும். பிறகு விந்துப் பரிசோதனை செய்து, அணு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்தச் சோதனைக்குப் போகாமல் இருந்துவிட்டு, பழியை மனைவியின் ஒழுக்கத்தின் மேல் போடுகிற ஆண்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தில்தான் அவள் தன் வயிற்றையே கொடுக்கிறாள்.

இந்த ஊரில் ஆண்கள் எப்போதுமே இப்படி இருக்கவில்லை. 1971ல் கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடந்த முகாமில், ஒரே மாதத்தில் சுமார் 63,000 பேர் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். கிட்டத்தட்ட எல்லோருமே ஆண்கள். அதன் பிறகு வந்தது எமர்ஜென்ஸி. 1976-77ல் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு வாசெக்டமி நடந்தது. டார்கெட், மிரட்டல், சம்பளப் பிடித்தம், ஆள்பிடிப்பு என்று நடந்த அந்த அராஜகத்துக்கு 1977 தேர்தலில் வட இந்தியா பதில் சொன்னது. அரசியல்வாதிகள் பாடம் கற்றார்கள். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது சரியான பாடம். அவர்கள் கற்றதோ, ஆம்பளையைத் தொடாதே என்பது. ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற துறையின் பெயர் ‘குடும்ப நலம்’ ஆனது. கத்தி பெண் பக்கம் திரும்பியது.

திரும்பிய கத்தி எங்கே கொண்டுவிட்டது? 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஒரே டாக்டர் ஆபரேஷன் செய்தார். அந்த முகாமிலும் அதையடுத்த முகாம்களிலுமாகப் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் செத்துப்போனார்கள். பிள்ளைகளை வீட்டில் விட்டு வந்த தாய்மார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் இப்படிப்பட்ட முகாம்களை நிறுத்த வேண்டும் என்று 2016ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது.

இப்போது காற்று மாறி வீசுகிறது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான் என்றது அதே ஐந்தாவது கணக்கெடுப்பு. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு நிறையப் பிள்ளை பெறச் சொன்னார். அதே மாதம் சென்னையில் ஒரு கல்யாண மேடையில் மு.க.ஸ்டாலின், தொகுதி மறுவரையறையைச் சுட்டிக்காட்டி, பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று வேடிக்கையாகக் கேட்டார். ‘போதும், நிறுத்து’ என்றாலும் அவள் வயிறு. ‘போதாது, பெற்றுக்கொள்’ என்றாலும் அவள் வயிறு. கர்ப்பத்தடை பெண்ணின் விடுதலைக்காகத் தேவை என்று பெரியார் எழுதி ஏறத்தாழ நூறு வருடம் ஆகப்போகிறது. நாம் இன்னும் ஜனத்தொகை, தொகுதி என்று வேறு கணக்குகளையே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, கைக்குழந்தை இருக்கிற வீட்டு ஆண்களே, உங்களுக்கு மூன்று வேலை. ஒன்று: குழந்தையின் தடுப்பூசிக்கு அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள். பால் கொடுக்கிற காலத்துக்கு எந்தக் கருத்தடை சரி என்று டாக்டரிடமோ நர்ஸம்மாவிடமோ நீங்கள் வாய் திறந்து கேளுங்கள். இரண்டு: பால் எப்போது நிறுத்துவது என்பதை அவளும் பிள்ளையும் தீர்மானிக்கட்டும். உங்கள் அவசரம் அதைத் தீர்மானிக்க வேண்டாம். மூன்று: இரண்டு பிள்ளை போதும் என்றால், அரசு மருத்துவமனையில் வாசெக்டமி இலவசம். பெண்ணைவிட ஆணுக்கு ஊக்கத்தொகையும் அதிகம். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை இதற்கென்றே இரு வாரம் ஒதுக்கி, அதிகாரிகள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். டீ ஆறிப்போகிறது, ஆள்தான் வரக் காணோம்.

வரிசையில் நின்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு ஆறுதல்: பிரசவம் இதைவிடக் கொஞ்சம் அதிகமாக வலிக்கும். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இரண்டு முறை பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சந்தேகம் இருந்தால் அவரைக் கேளுங்கள்.