கஷாயம் சாப்பாடாகுமா?

சென்ற வருஷம் மொட்டை மாடித் தொட்டிகளில் பத்து மக்காச்சோளச் செடி போட்டேன். "கதிர் எப்போ வரும், பாட்டி?" என்று பேரன் தினம் இரண்டு தடவை மாடியேறிப் பார்த்துவிட்டு வருவான். கடை உரம் வேண்டாம், மரம் தருவதே போதும் என்று எனக்கு ஒரு வைராக்கியம். முருங்கை இலையை அரைத்துச் சாறு தெளித்தேன். வேலம்பட்டை ஊறிய தண்ணீரை வேரில் ஊற்றினேன். முழங்கால் உயரம் வரை செடி ஜம்மென்று வளர்ந்தது. அப்புறம் அடியிலைகள் நுனியில் தொடங்கி, நடு நரம்பு வழியாக மஞ்சளாகிவிட்டன. கடைசியில் கிடைத்தவை விரல் நீளக் கதிர்கள் சில. பேரன் முகத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாயிருந்தது.

தப்பு முருங்கையில் இல்லை, சகோதரிகளே, என் கணக்கில்தான்!

முருங்கைச் சாறு லேசுப்பட்டதல்ல. நிகராகுவா நாட்டில் நிகோலஸ் ஃபோய்டல் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அதைப் பல பயிர்களுக்குத் தெளித்துப் பார்த்து, மகசூல் 20 முதல் 35 சதவிகிதம் வரை கூடியதாக 2001-ல் எழுதினார்கள். இளம் முருங்கை இலையில் ஸியாட்டின் என்ற வளர்ச்சி ஊக்கி நிறைய இருக்கிறது. இலை சீக்கிரம் மூப்படையாமல் பச்சையாக நிற்க அது உதவும். வேடிக்கை என்னவென்றால், 1963-ல் லெத்தம் என்ற விஞ்ஞானி அதைப் பிரித்தெடுத்ததே மக்காச்சோளத்தின் பிஞ்சு மணியிலிருந்துதான். மக்காச்சோளத்தின் தாவரப் பெயரான 'ஸியா'வே அதன் பெயரிலும் ஒட்டிக்கொண்டது.

செய்முறை சுலபம். முருங்கைக் கொழுந்தைத் துளி தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் பிழியுங்கள். ஒரு பங்கு சாற்றுக்கு 30 பங்கு தண்ணீர் சேருங்கள். செடிக்கு 25 மில்லி வீதம் இலை நனையத் தெளியுங்கள். முளைத்த பத்தாம் நாள் ஒரு தடவை, பூக்க ஒரு மாதம் இருக்கும்போது ஒரு தடவை, மணி பிடிக்கும்போது ஒரு தடவை. பிழிந்த சாற்றை ஐந்து மணி நேரத்துக்குள் உபயோகித்துவிட வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். பத்துச் செடிக்கு 250 மில்லி. அதில் அசல் சாறு 8 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன்கூட இல்லை! நன்றாக விளையும் ஒரு செடி மண்ணிலிருந்து சுமார் 2 கிராம் நைட்ரஜன் இழுக்கும். இந்தச் சாற்றில் செடிக்குச் சில மில்லிகிராம்தான் தேறும். கஷாயம் கொடுத்தால் பசி எடுக்கும். பசிக்குச் சோறு போட வேண்டாமா?

சரி, பட்டை? அதில் நைட்ரஜன் சொற்பம். துவர்ப்போ அதிகம். தோல் பதனிடுகிறவர்கள் வேலம்பட்டையையும் ஆவாரம்பட்டையையும் நாடியது தோல் அழுகாமலிருக்கத்தானே? மண்ணில் மக்க வேண்டியதையும் அது தாமதப்படுத்தும். பல் துலக்கப் பட்டையை வைத்துக்கொள்ளுங்கள், பயிருக்கு வேண்டாம்.

சோறு எது? இலைதான், சாறாக அல்ல, முழு இலையாக. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் மகோகா பண்ணையில், 1990-களில் தொடங்கிய சோதனையில், மக்காச்சோளத்தின் நடுவே கிளைரிசிடியா மரங்களை வளர்த்து, தழையை வெட்டி மண்ணில் புதைத்தார்கள். கடை உரமில்லாமலே மகசூல் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது.

நம் தொட்டிக்கு அகத்தி, புங்கன், முருங்கைத் தழை போதும். செடிக்கு அரைக் கிலோ பச்சைத்தழை கணக்கு. பாதியை விதைப்பதற்கு மூன்று வாரம் முன்னால், மக்கிய சாணத்தோடு மண்ணில் கலந்துவிடுங்கள். மீதியைச் செடி ஓரடி வளருமுன் தண்டுக்குச் சற்றுத் தள்ளிப் புதையுங்கள். பசி அதிகரிக்கும் சமயத்துக்கு அது மக்கியிருக்கும். சாறு பிழிந்த சக்கையையும் எறியாதீர்கள். அதில் இன்னும் புரதம் உண்டு, அதுவும் மண்ணுக்கே.

இந்த வருஷம் அப்படித்தான் செய்தேன். அடியிலை மஞ்சளாகவில்லை. சென்ற ஞாயிறு ஏழு கதிர் பறித்துச் சுட்டோம். எனக்கென்று ஒன்று எடுத்து வைத்தேன். அதையும் பேரன் விடவில்லை!