விளைவுக்குத் தமிழில் சொல் இல்லையா?

"தமிழிற் சொல்வளம் போதாது, நுண்ணிய கருத்துகளை ஆங்கிலத்தாலன்றிச் சொல்லவியலாது" என்று தமிழ்நாட்டிலேயே கற்றோர் சிலர் நாக்கூசாது கூறிவருகின்றனர். அவர்தம் கூற்றை ஒரு சொல்லைக்கொண்டே உரைத்துப் பார்ப்போம்.

'கொரோலரி' என்பது ஆங்கிலச் சொல். ஒன்று மெய்யென நிறுவப்பட்டபின், தனி மெய்ப்பிப்பு வேண்டாது அதனின்று தானே போதரும் முடிபை அது குறிக்கும். இயல்பான பின்விளைவு என்னும் பொதுப்பொருளிலும் அதனை ஆள்வர். இச்சொல் ஆங்கிலேயர்க்குச் சொந்தமானதா? அன்று. இலத்தீனினின்று பெற்ற கடன் அது. இலத்தீனில் அதற்கு மூலம், 'சிறு மாலை' எனப் பொருள்படும் சொல். நன்றாக நடித்த கூத்தர்க்கு உரோமர் மாலை அளித்தனர். பேசிய கூலிக்குமேல் கொடுத்த அம் மிகைக்கொடையின் பெயரே, கி.பி. 6ஆம் நூற்றாண்டில் போயத்தியசு என்னும் அறிஞரால், தேற்றத்தின்பின் கிடைக்கும் மிகைமுடிபுக்கு ஆளப்பட்டது. நம் கடைத்தெரு வழக்கிற் சொன்னால், அது 'கொசுறு'!

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. கிரேக்க வடிவக்கணக்கர் அதற்கு வேறொரு சொல் வைத்திருந்தனர். போயத்தியசு அக் கிரேக்கச் சொல்லைச் சுட்டியபோதும், தம் மக்கள் கூத்தரங்கில் வழங்கிய தாய்மொழிச் சொல்லையே தேடி எடுத்தார். அவர்க்கு இருந்த மொழிமானம் நம்மவர்க்கு இருத்தலாகாதா?

இனித் தமிழை நோக்குக. நம் பள்ளி நூல்கள் நிறுவப்பட்ட உண்மையைத் 'தேற்றம்' என்கின்றன. ஏகார இடைச்சொல்லின் பொருள்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் கூறிய பழஞ்சொல் அது. தேற்றத்தினின்று பிரிவது 'கிளைத்தேற்றம்'. தேற்றத்தை நிறுவ முன்வந்து உதவுவது 'துணைத்தேற்றம்'. முக்கோணத்தின் மூன்று உட்கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்பது தேற்றம். எம் முக்கோணத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட செங்கோணம் இராது என்பது அதன் கிளை. மரத்தையும் கிளையையும் கண்ட சிற்றூர்ப் பிள்ளைக்கு இதனை விளக்க அகரமுதலி வேண்டுமா? ஆங்கிலப் பிள்ளையோ, மாலையும் அறியாது, கொசுறும் அறியாது, சொல்லை உருப்போட்டாக வேண்டும்.

கணக்கியலுக்கு அப்பாலும் தமிழின் நுட்பம் பெரிது. விதைத்தது முளைத்துக் கதிரீனுதல்போல, ஒரு செயலினின்று இயல்பாக வருவது விளைவு. அது நன்றாகவும் இருக்கலாம், தீதாகவும் இருக்கலாம். விரும்பத்தக்க விளைவு பயன், வெறுக்கத்தக்கது கேடு. எண்ணித் துணிந்தது முடிபு. ஒன்று மற்றொன்றன்மேற் செலுத்தும் ஆற்றல் தாக்கம். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று எழுத்தறியா உழவனும் கரணியத்தையும் விளைவையும் இணைத்துப் பேசும் மொழி இது.

இத்துணை வளத்தையும் நாளிதழ்கள் என் செய்கின்றன? 'கனமழை எதிரொலி: பள்ளிகளுக்கு விடுமுறை' என எழுதுகின்றன. மழை எங்கே மோதி எதிரொலித்தது? 'கனமழையால் பள்ளிகளுக்கு விடுமுறை' என்றால் முடிந்தது. ஓர் 'ஆல்' உருபு செய்யும் பணிக்கு மலைக்குகையின் ஒலியை இழுத்து வருவானேன்? 'சிகிச்சை பலனின்றி' என்பர்; 'பயனில சொல்லாமை' என வள்ளுவர் அதிகாரம் வகுத்த நாட்டில் 'பயனின்றி' என எழுதக் கை கூசுகிறதாம். 'இவர் எழுத்தில் அவர் பாதிப்பு உண்டு' என்பர், பாதித்தலாவது துன்புறுத்தல். ஒருவர் எழுத்தாற் பிறர் சிறந்தாலும் அது பாதிப்புத்தானா? அயற்சொல் புகுந்ததோடு பொருளும் கெட்டது. நன்மை, தீமை, ஒலி எல்லாம் ஒரே குட்டையிற் கலங்கின. சொல்லின் எல்லை அழிந்தால் எண்ணத்தின் எல்லையும் அழியும். எதனால் எது வந்தது என்று தெளிவுறக் கேட்கவியலாத மக்களை எவரும் எளிதில் ஏய்க்கலாம்.

மறைமலையடிகள் தனித்தமிழ் நெறியைத் தொடங்கிய அதே 1916-இல், சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் அறிவியற் சொல்லாக்கத்திற்கு ஓர் அமைப்புக் கண்டனர். நோக்கம் நன்றே. ஆனால் அதன் பெயர் 'தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம்'! அப் பெயரிடையே தமிழ் பட்ட பாட்டைப் பாருங்கள். அந் நிலையினின்று 'தேற்றம், கிளைத்தேற்றம்' என நம் பிள்ளைகள் ஓதும் நிலைக்கு வந்தோமெனின், அது தானாக வந்ததன்று. தமிழறிஞர் பலர் உழைப்பின் விளைவு.

செய்துகாட்டியோரும் உளர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழி தொடங்கியது. குறை மொழியில் இல்லை. தமிழ்வழி கற்றவனுக்கு வேலை தரத் தயங்கும் குமுகாயத்தில் உள்ளது. தமிழை வாழ்த்திவிட்டுத் தம் மக்களை ஆங்கிலவழிப் பள்ளிக்கு விடுக்கும் தமிழரிடத்தில் உள்ளது.

தமிழ அன்பர்களே! நாளிதழில் 'எதிரொலி'யைக் கண்டால் ஆசிரியர்க்கு அஞ்சலட்டை எழுதுங்கள். உங்கள் நாவினின்றும் 'பலனை' நீக்கிப் 'பயனை' வையுங்கள். அனைத்தினும் மேலாக ஒன்றை நெஞ்சிற் பதியுங்கள். எந் நுண்பொருளையும் தமிழ் சொல்லவல்லது என்பது தேற்றம். எக் கலையையும் தமிழ்ப்பிள்ளை தமிழிலேயே கற்கலாம் என்பது அதன் கிளைத்தேற்றம். முன்னதை மேடையில் முழங்கிப் பின்னதை வீட்டில் மறுப்பவர், மரத்தை வாழ்த்திக் கிளையை வெட்டுபவரே ஆவர்.