வைத்திய மாணவரும் கைப்பயிற்சியும்

நம் கல்லூரியிலிருந்து வைத்திய பீடம் புகுந்த மாணவர் சிலர், விடுமுறைக் காலத்தில் எம்மைக் காண வருவதுண்டு. நாம் இலக்கணம் கற்பித்த பிள்ளைகள் உடற்கூறு பேசக் கேட்பது இன்பமே. ஆயினும், முதன்முதல் நோயாளியொருவருக்கு ஊசியேற்றியபோது அருகில் நின்றவர் யாரென்று வினவினால், அவருட் சிலர் சிரித்து மழுப்புவர். அச்சிரிப்பே இதனை எழுதத் தூண்டியது.

சில ஆண்டுகளுக்கு முன் எம் அன்னையார் ஒரு வைத்தியசாலையிற் கிடந்தார். நாளத்திற் குழாயேற்ற வந்த இளைஞர் மும்முறை குத்தினார், மும்முறையும் தவறிற்று. "பொடியன்ரை கை நடுங்குது, பாவம்" என்றார் அன்னையார். நாம் அவ்விளைஞரை நோகவில்லை. அவரைத் தனியே அனுப்பியவரையே நொந்தோம்.

அஃது எளிய வேலையன்று. கையை மேலே கட்டி, நாளத்தை விரலால் தடவியறிந்து, தோலை இழுத்துப் பிடித்து, ஊசியைச் சாய்வாகச் செலுத்துதல் வேண்டும். குருதி தோன்றியதும் ஊசியைச் சிறிதே தாழ்த்தி, மென்குழாயை மட்டும் உள்ளே வழுக்கிவிடல் வேண்டும். ஊசியை மேலும் தள்ளினால் நாளத்தின் மறுசுவர் துளைபடும். இதனை நூலிற் படித்தறியலாம். கை அறிவதற்கோ பழக்கம் வேண்டும். ஒருமுறை பார்த்து, மறுமுறை செய்து, அடுத்தமுறை பிறர்க்குக் கற்பித்தல் என்றொரு வழக்கம் வைத்தியருலகிற் பழையது. அதனை நாம் ஒப்போம். இறப்பராற் செய்த செயற்கைக் கைகள் இக்காலத்தில் உள. பிழைகளுட் பெரும்பாலானவற்றை அவற்றின்மீதே விட்டுவரலாம். ஆனால் இறப்பர்க் கை வலியால் சுருங்குவதில்லை. ஆதலின் ஆசான் கட்டிலருகே நிற்றலும் வேண்டும்.

பயிற்சிக் கலாசாலையில் நாம் பயின்ற காலத்தில், மெய்யான வகுப்பில் மெய்யான பிள்ளைகளுக்குக் கற்பித்தோம். பின்வாங்கில் விரிவுரையாளர் குறிப்பேட்டுடன் அமர்ந்திருப்பார். அவரைக் கண்டு வெண்கட்டி நழுவியதுமுண்டு! எனினும் நாம் பிழைத்தால் பிள்ளைகளின் பாடம் பிழையாதிருக்க அவர் இருந்தார். வெண்கட்டி பிடிப்பவனுக்குள்ள காவல் ஊசி பிடிப்பவனுக்கு வேண்டாவோ?

இன்னொன்று, தமிழாசிரியராகிய எமக்குரியது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இந்நாட்டு இளைஞரை வைத்தியராகப் பயிற்றினார். பிற்காலத்தில் தமிழிலேயே கற்பித்தார். அவர் 1867 இல் வெளியிட்ட 'இரண வைத்தியம்' சத்திரசிகிச்சையைத் தமிழிற் கூறும் நூல். இன்று வைத்திய பீடத்துப் பாடம் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. அதனை நாம் குறைகூறோம். ஆனால், "அம்மா, நான் மாணவன், எங்கள் சேர் அருகில் நிற்கிறார், ஊசி போட விடுவீர்களா?" என்று கேட்பதற்குத் தமிழோ சிங்களமோ, நோயாளியின் மொழி வேண்டும். வேண்டாமென்று அவர் சொன்னால் முகஞ்சுளியாது விலகவும் பழக்குதல் வேண்டும். எம் அன்னையாரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் கையை நீட்டியிருப்பார் என்பதில் எமக்கு ஐயமில்லை.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் வைத்திய நிபுணர் பலர் உளர். இருமுறை தவறின் மூத்தவரை அழைத்தல் வேண்டுமென்னும் விதி தம் விடுதியில் உண்டா என்று அவர்கள் நாளைக் காலையே பார்ப்பாராக.